ரிசைன் என்று எழுதினேன். ராஜினாமா என்று படித்துவிட்டார்கள்

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். நோட்டுப் புத்தகத் தாளில் இரண்டு பக்கமும் நிரம்பிய நீண்ட கடிதம். அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

"வக்கீல் மேடம், எனக்கு 46 வயது. சொந்த ஊர் திருப்பத்தூர் பக்கம். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், பிறகு அஞ்சல் வழியில் பி.காம். பீன்யாவில் ஆயத்த ஆடை ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் எட்டு வருடம் எட்டு மாதமாக வேலை பார்க்கிறேன். போன மாதம் எல்லோரிடமும் புது சர்வீஸ் அக்ரிமெண்டில் கையெழுத்து வாங்கினார்கள். என்னுடையதில் நான்காம் பக்கத்தில் இனிஷியல் தப்பாக அச்சாகியிருந்தது. 'திருத்திய காப்பி தயார், நீங்கள் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும்' என்று எச்.ஆர். மெயில் அனுப்பினார்கள். நான், 'ஐ ஆம் ரெடி டு ரிசைன் தி அக்ரிமெண்ட். கைண்ட்லி இன்ஃபார்ம் தி டேட்' என்று பதில் போட்டேன். மறுநாள் வந்த மெயிலைப் பார்த்துக் கை கால் உதறிவிட்டது. என் ராஜினாமாவை ஏற்றுக்கொண்டார்களாம். 30 நாள் நோட்டீஸாம்.

"ஓடிப்போய்ச் சொன்னேன். 'எழுத்தில் வந்துவிட்டது, சிஸ்டத்தில் ஏறிவிட்டது' என்றார்கள். அதோடு, மார்ச் மாதம் நான் அனுப்பிய 'ஐ ரிசென்ட் யுவர் பில்ஸ் ஆன் மண்டே' என்ற மெயிலைக் காட்டி, 'உங்களுக்கு அப்போதிருந்தே எங்கள் மேல் கோபம்' என்றார் மேனேஜர். பில்களைத் திரும்ப அனுப்பினேன் என்றுதான் எழுதினேன். இதில் கோபம் எங்கே வந்தது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. இப்போது ஒரு ஃபார்ம் நீட்டியிருக்கிறார்கள். மேலே 'செவரன்ஸ்' என்று போட்டிருக்கிறது, ஏதோ சிவியரான தண்டனையோ என்று பயமாக இருக்கிறது. உள்ளே 'வெய்வ்' என்று ஒரு சொல். காதில் கேட்டபடி போனில் தேடினால் அலை, கையசைப்பு என்று வருகிறது. பக்கத்து வீட்டு அண்ணன், கையெழுத்து இல்லாத மெயில் செல்லாது, தைரியமாக இரு என்கிறார். என் வீட்டுக்காரர், தப்பு உன்னுடையது, கொடுப்பதை வாங்கிக்கொண்டு வந்துவிடு என்கிறார். இங்கிலீஷ் சரியாகத் தெரியாததற்கு இவ்வளவு பெரிய தண்டனையா? இன்னும் 18 நாள்தான் இருக்கிறது."

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மூச்சை நிதானமாக விடுங்கள். 18 நாள் என்பது இந்த மாதிரி விஷயத்தில் நல்ல அவகாசம். வேலை இன்னும் போகவில்லை. இப்போதும் நீங்கள் அந்தக் கம்பெனியின் ஊழியர்தான், நாளைக்கும் மெட்ரோ ஏறி வேலைக்குப் போகிறீர்கள்.

பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்துக்குப் பிறகு மின்னஞ்சலும் எழுத்துதான். மெயிலில் ராஜினாமா செய்தவர்கள் ஏராளம், அது செல்லும். அதனால் 'மெயில் செல்லாது' என்று நாம் வாதாடப் போவதில்லை. அந்த மெயிலில் இருப்பது ராஜினாமாவே இல்லை என்று சொல்லப் போகிறோம். அதற்கு அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தாக வேண்டும். உங்கள் வழக்கே அந்தச் சொல்லுக்குள்தான் இருக்கிறது என்பதால் இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

ஒரே எழுத்து, இரண்டு சொல்

நீங்கள் எழுத நினைத்தது 'ரீ-சைன்', அதாவது மறுபடி கையெழுத்திடுவது. அவர்கள் படித்தது 'ரிசைன்', வேலையை விடுவது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்துகள் ஒன்றேதான்: ஆர், இ, எஸ், ஐ, ஜி, என். முதல் சொல்லில் 'இ'-க்கும் 'எஸ்'-க்கும் நடுவில் ஒரு சின்னக் கோடு போட வேண்டும். அந்தக் கோடு விட்டுப்போனதுதான் நீங்கள் செய்த தவறு. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

பேச்சில் இந்தக் குழப்பம் வராது. தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். வேலையை விடுகிற ரிசைனில் நடு எழுத்து வண்டு ரீங்காரம் போல வரும், தொண்டை அதிரும். மறுபடி கையெழுத்திடுகிற ரீ-சைனில் 'ரீ' நீளும், 'சை' வெறும் காற்றாக வரும், விரலில் அதிர்வு தெரியாது. தமிழ் எழுத்தில் அந்த அதிர்வைக் காட்டத் தனி எழுத்து இல்லை. அதனால் நாம் இரண்டையும் ஒன்றாகவே எழுதி, ஒன்றாகவே மனத்தில் வைத்துக்கொள்கிறோம். தமிழ் மீடியத்தில் படித்த நீங்கள் மட்டுமல்ல, பெங்களூரு கான்வென்டில் படித்தவர்கள் அனுப்பும் மெயில்களிலும் இந்தக் கோடு காணாமல் போவதை வாரம் தவறாமல் பார்க்கிறேன். ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் குழம்புவார்கள் என்பதால்தான் அவர்கள் அகராதியே இந்தச் சொல்லுக்குக் கோடு போட்டுக் காட்டுகிறது.

இந்த இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளம்பியவை என்பதுதான் வேடிக்கை. லத்தீனில் 'சிக்னும்' என்றால் அடையாளம், முத்திரை. அதிலிருந்துதான் 'சைன்' வந்தது. 'சைன்' என்று சொல்லும்போது வாயில் வராத அந்த 'ஜி', 'சிக்னேச்சர்' என்றும் 'ரெசிக்னேஷன்' என்றும் சொல்லும்போது எழுந்து வந்துவிடுகிறது பாருங்கள், அது பழைய சிக்னுமின் மிச்சம். லத்தீனில் 'ரெசிக்னாரே' என்றால் முத்திரையை உடைப்பது, போட்டதை ரத்து செய்வது. ராஜினாமா என்ற பொருள் இங்கிருந்து வந்தது. ஆக, வேலையை விடுகிற ரிசைனில் வரும் 'ரி', 'மறுபடி' என்ற பொருளில் வரவில்லை. செய்ததைக் கலைக்கிற, பின்னால் இழுக்கிற 'ரி' அது. 'ரிவீல்' என்ற சொல்லிலும் அதே வேலைதான் செய்கிறது; திரையை விலக்குவது என்பது அதன் மூலப் பொருள். நீங்கள் போட்ட 'ரீ' வேறு. அது 'மறுபடி'.

ஒரே முன்னொட்டு எப்படி இரண்டு எதிர் வேலை செய்யும் என்று கேட்பீர்கள். நம் வீட்டுச் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 'மறு' என்று ஒரு சொல். மறுபடி, மறுநாள், மறுபிறவி என்றால் இன்னொரு முறை. மறுத்தான், மறுப்பு என்றால் வேண்டாம் என்பது. 'மறுகையெழுத்து' என்றும் 'கையெழுத்திட மறுப்பு' என்றும் நாம் ஒரே மூச்சில் சொல்வோம், யாரும் குழம்புவதில்லை. தமிழ் தெரியாத ஒருவர் அகராதியை வைத்துக்கொண்டு 'மறு' என்பதை மட்டும் தனியாகப் பார்த்தால் நீங்கள் இருக்கும் இதே இக்கட்டில்தான் மாட்டுவார்.

இன்னொன்றும் சொல்ல ஆசை. 'ராஜினாமா' என்று நாம் சொல்கிறோமே, அது பாரசீகத்திலிருந்து வந்த சொல். 'ராஜி' என்றால் சம்மதம், 'நாமா' என்றால் பத்திரம். நேர்ப் பொருள், சம்மதப் பத்திரம்! கோர்ட்டில் இன்றும் 'ராஜியாகப் போய்விட்டார்கள்' என்றால் சமாதானமாகிவிட்டார்கள் என்றுதான் அர்த்தம். இந்தியில் இப்போதும் அது உடன்பாட்டுப் பத்திரத்தைக் குறிக்கிறது. குடியானவர் தன் நிலத்தை விட்டுக்கொடுத்து சர்க்காருக்கு எழுதித்தந்த பத்திரத்துக்கும் இதுதான் பெயர். அந்த வழியாகத்தான் தமிழிலும் கன்னடத்திலும் 'விட்டு விலகுதல்' என்ற பொருள் நிலைத்தது. உடன்பாடும் விலகலும் ஒரே சொல்லுக்குள் வந்து உட்காருவது உங்கள் மெயிலில் மட்டும் நடந்த விபரீதம் அல்ல.

மார்ச் மாத மெயிலைப் பற்றி

மேனேஜர் காட்டிய அந்த மெயிலைப் பற்றி நீங்கள் வெட்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். நான் அதைப் படித்ததும் சந்தோஷப்பட்டேன். காரணம் சொல்கிறேன்.

நீங்கள் எழுத நினைத்தது 'ரீ-சென்ட்', திரும்ப அனுப்பினேன். கோடு இல்லாமல் எழுதியதால் அது 'ரிசென்ட்' ஆகிவிட்டது. அதற்கு மனத்தாங்கல் கொள்வது, உள்ளுக்குள் புகைவது என்று பொருள். இந்த இரண்டுக்கும் உறவே கிடையாது. 'ரீ-சென்ட்'டில் வரும் 'சென்ட்', அனுப்புவதைக் குறிக்கும் வினையின் இறந்தகால வடிவம், ஆங்கிலத்தின் சொந்தப் பழஞ்சொல். மனத்தாங்கல் என்ற சொல்லோ பிரெஞ்சு வழியாக வந்தது, 'உணர்' என்ற பொருளுள்ள லத்தீன் வேரைச் சேர்ந்தது. 'சென்டிமென்ட்' என்று நாம் சர்வ சாதாரணமாகச் சொல்கிறோமே, அதற்குச் சொந்தக்காரி. ஊர் வேறு, வீடு வேறு, முகம் மட்டும் ஒன்று.

இப்போது வழக்கோடு சேர்த்துப் பாருங்கள். நீங்கள் 'ரீ' வருகிற சொற்களை எப்போதுமே கோடில்லாமல் எழுதுகிறவர். மார்ச் மாதமே அப்படி எழுதியிருக்கிறீர்கள். அப்போது எந்தத் தகராறும் இல்லை, அதனால் இது பிறகு ஜோடித்த கதை என்று யாரும் சொல்ல முடியாது. அந்த மெயிலோடு பில்களும் இணைக்கப்பட்டிருந்தனவா என்று பாருங்கள். இருந்தால், கோபத்தில் எழுதிய மெயிலுக்கு யாரும் பில் இணைப்பதில்லை. உங்களுக்கு எதிராக மேனேஜர் எடுத்து வைத்த காகிதம்தான் உங்கள் முதல் சாட்சி. பழைய மெயில்களில் 'ரீசெக்', 'ரீபிரின்ட்' என்று கோடில்லாமல் எழுதியவை இருந்தால் அவற்றையும் தேடி எடுங்கள்.

இரண்டாவது சாட்சி, அந்த வாக்கியமே. வேலையை ராஜினாமா செய்யலாம், பதவியை ராஜினாமா செய்யலாம். அக்ரிமெண்டை யாராவது ராஜினாமா செய்வார்களா? 'தி அக்ரிமெண்ட்' என்ற சொல் உங்கள் வாக்கியத்தில் இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் படித்தால்தான் அவர்கள் சொல்லும் அர்த்தம் வரும்.

மூன்றாவது, நீங்கள் தனியாக மெயில் அனுப்பவில்லை. மறுபடி கையெழுத்துப் போடச் சொல்லி அவர்கள் கேட்டதற்கு அதே மெயில் தொடரில் பதில் சொன்னீர்கள், தேதியும் கேட்டீர்கள். கேள்வியை மறைத்துவிட்டுப் பதிலை மட்டும் படிக்க எந்த நீதிமன்றமும் ஒப்பாது. அந்தத் தொடரை முழுதாக, மேலிருந்து கீழ் வரை, வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் எதைப் பார்க்கும்

1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 13-வது பிரிவில், சம்மதம் என்றால் என்ன என்று சொல்கிறது. இருவரும் ஒரே விஷயத்தை ஒரே பொருளில் ஒப்புக்கொள்ள வேண்டும். சொல் ஒன்றாக இருந்தால் போதாது, பொருளும் ஒன்றாக இருக்க வேண்டும். சட்டக் கல்லூரியில் இதற்கு நாங்கள் படித்தது 1864-ல் இங்கிலாந்தில் நடந்த ஒரு பருத்தி வழக்கு. பம்பாயிலிருந்து 'பியர்லெஸ்' என்ற கப்பலில் 125 பேல் சூரத் பருத்தி வரும் என்று ஒப்பந்தம். அந்தப் பெயரில் பம்பாயிலிருந்து கிளம்பிய கப்பல்கள் இரண்டு, ஒன்று அக்டோபரில், மற்றொன்று டிசம்பரில். வாங்குபவர் நினைத்தது முதல் கப்பலை, விற்பவர் அனுப்பியது இரண்டாவதில். டிசம்பர் கப்பல் பருத்தியை ஏற்க மறுத்தவர் பக்கமே தீர்ப்பு வந்தது.

எதிர்ப்பக்கம் என்ன சொல்லும் என்பதையும் சொல்ல வேண்டும். அதே சட்டத்தின் 22-வது பிரிவு, ஒரு தரப்பு மட்டும் தவறாக எண்ணிக்கொண்டதால் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது என்கிறது. 'அவர் தப்பாக எழுதியதற்கு நாங்கள் என்ன செய்வது' என்று கேட்பார்கள். அதற்கு நம் பதில், மறுபடி கையெழுத்து கேட்டதே அவர்கள்தான், எந்தப் பொருளில் எழுதினீர்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருக்க வேண்டும் என்பது.

ராஜினாமா விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 1978-ல் கோபால் சந்திர மிஸ்ரா வழக்கில் சொன்னது நமக்குப் பெரிய பலம். பதவியைத் துறக்கும் எண்ணம் இருக்க வேண்டும், அதற்கேற்ற செயலும் இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் அது முழுமையான ராஜினாமா. பின்தேதியிட்டுக் கொடுத்த ராஜினாமாவை அந்தத் தேதி வருவதற்குள் திரும்பப் பெறலாம் என்பதும் அதே தீர்ப்பு. அது ஓர் உயர் நீதிமன்ற நீதிபதியின் பதவி பற்றிய வழக்கு. சாதாரண வேலைக்கும் இது பொருந்துமா என்று கேட்டால், 2005-ல் நம் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில், ராஜினாமா ஏற்கப்பட்ட பிறகும், விடுவிக்கப்படும் நாளுக்கு முன் ஊழியர் அதைத் திரும்பப் பெற்றது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

இதனால் உங்களுக்கு இரண்டு கதவு திறந்திருக்கிறது. 'நான் ராஜினாமா செய்யவே இல்லை' என்பது முதல் கதவு. 'அப்படியே அதை ராஜினாமா என்று நீங்கள் எடுத்துக்கொண்டாலும், விடுவிக்கப்படும் நாளுக்கு முன்பே திரும்பப் பெற்றுவிட்டேன்' என்பது இரண்டாவது. இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதலாம், ஒன்றுக்கொன்று முரண் ஆகாது. ஆனால் இரண்டாவது கதவு கடைசி வேலை நாளோடு சாத்திக்கொள்ளும். அதனால்தான் 18 நாளைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

இதில் ஓர் எச்சரிக்கை. மேலே சொன்ன தீர்ப்புகளில் ஒன்று அரசியலமைப்புப் பதவி பற்றியது, மற்றது அரசுத் துறை நிறுவனம் பற்றியது. உங்களுடையது தனியார் கம்பெனி. 'இவரை வேலையில் வைத்துக்கொள்' என்று தனியார் முதலாளியை சிவில் நீதிமன்றம் பொதுவாகக் கட்டாயப்படுத்தாது, நஷ்ட ஈட்டோடு நின்றுவிடும். தொழிலாளர் சட்டத்தில் 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் நீங்கள் வந்தால் நிலைமை வேறு. தொழில் தகராறுகளை விசாரிக்கும் மன்றம் உங்களை மறுபடி வேலையில் அமர்த்த உத்தரவிட முடியும். உங்கள் விசிட்டிங் கார்டில் 'சீனியர் எக்ஸிகியூட்டிவ்' என்று இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். பெயரை விட, தினமும் செய்யும் வேலைதான் கணக்கு. வவுச்சர் போடுவது, பில் சரிபார்ப்பது, லெட்ஜர் முடிப்பது என்றால் அது எழுத்தர் வேலை. உங்களுக்குக் கீழே ஆட்கள் இருக்கிறார்களா, அவர்களுக்கு லீவு கொடுப்பது நீங்களா என்பதை மட்டும் எனக்கோ, நீங்கள் பார்க்கப் போகும் வக்கீலுக்கோ தெளிவாகச் சொல்லுங்கள்.

கம்பெனி திட்டமிட்டே செய்ததா என்று கடிதத்தில் மூன்று இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். அப்படியும் இருக்கலாம். அல்லது நூறு மெயில்களுக்கு நடுவில் ஒருவர் ஒரு சொல்லை மட்டும் பார்த்துவிட்டு பட்டனை அமுக்கியிருக்கலாம், பிறகு அதை ஒப்புக்கொள்ளத் தயங்கியிருக்கலாம். முதல் கடிதத்தில் சதி, சூழ்ச்சி என்று எழுத வேண்டாம். அவர்கள் திருத்திக்கொள்ள ஒரு வழி விட்டு எழுதினால் பாதிப் பிரச்சினைகள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

நீட்டிய படிவத்தில் இருக்கும் சொற்கள்

'செவரன்ஸ்' என்பதற்கும் 'சிவியர்' என்பதற்கும் சம்பந்தம் இல்லை. சிவியர் என்றால் கடுமை, 'செவரஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. செவரன்ஸ், 'செப்பரேட்' என்ற சொல்லின் உறவு. பிரிவது, துண்டிப்பது. வேலை உறவு முடிவதற்கான கணக்குத் தீர்ப்பு, அவ்வளவுதான், தண்டனை இல்லை. ஆனால் அந்தத் தலைப்பின் கீழ் கையெழுத்துப் போட்டால் வேலை உறவு முடிந்தது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அதை விட ஆபத்தானது 'வெய்வ்'. போன் உங்களுக்குக் காட்டிய அலை, கையசைப்பு என்பதில் நடுவில் 'ஐ' என்ற எழுத்து கிடையாது. அது பழைய ஆங்கிலச் சொல். படிவத்தில் இருப்பதில் 'ஐ' உண்டு. அது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, கைவிடுவது என்று பொருள். கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளையும் அநாதைக் குழந்தையையும் குறிக்கும் 'வெய்ஃப்' என்ற சொல் இதற்கு அக்கா. 'ஐ வெய்வ் ஆல் க்ளெய்ம்ஸ்' என்ற வரியில் கையெழுத்திட்டால், இந்தக் கம்பெனியிடம் எனக்கு வர வேண்டிய எல்லா உரிமையையும் நானே கைவிட்டேன் என்று எழுதிக்கொடுத்ததாகும். நான் உங்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லும் விஷயம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்: இந்தப் படிவத்தில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். வற்புறுத்தினால், 'வக்கீலிடம் காட்டிவிட்டுத் தருகிறேன்' என்று ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள்.

'கிராஜுவிட்டி தருவார்களோ மாட்டார்களோ, அவர்கள் மனசு' என்றும் எழுதியிருக்கிறீர்கள். இங்கே சொல்தான் உங்களை ஏமாற்றுகிறது. கிராஜுவிட்டி, கிராட்டிட்யூட் இரண்டும் ஒரே வேர். இனிமை, நன்றி என்ற பொருளுள்ளது. ஒரு காலத்தில் முதலாளி மனமுவந்து கொடுத்த அன்பளிப்புதான் அது. தமிழிலும் 'பணிக்கொடை' என்று பெயர் வைத்து, கொடையாகவே ஆக்கிவிட்டோம். ஆனால் 1972-ல் வந்த சட்டம் அதை உரிமையாக்கிவிட்டது. பொதுவாக ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் போதும், நீங்களே விலகினாலும் கிடைக்கும். கணக்கு எளிது. கடைசியாக வாங்கும் அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் சேர்த்து 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வேலை பார்த்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டும் சேர்ந்து 20,800 ரூபாய். ஓர் ஆண்டுக்கு 12,000. ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் முழு ஆண்டாக எடுத்துக்கொள்வார்கள் என்பதால் உங்களுக்கு ஒன்பது ஆண்டு. ஆக 1,08,000 ரூபாய். அலவன்ஸ்களைப் பொறுத்து இது கூடலாம். இந்தத் தொகையைக் காட்டி 'கொடுப்பதை வாங்கிக்கொண்டு வா' என்கிறார் உங்கள் வீட்டுக்காரர். அவருடைய பயம் எனக்குப் புரிகிறது, வீட்டு வாடகையும் காலேஜ் ஃபீஸும் அவர் கண்முன் நிற்கும். ஆனால் இந்தப் பணம் எப்படியும் உங்களுடையது. அதை வாங்குவதற்காக வேலையை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியது

இன்றைக்கே ஒரு மெயில். எளிய ஆங்கிலத்தில், சின்னச் சின்ன வாக்கியமாக. 'நீங்கள் இந்தத் தேதியில் நான்காம் பக்கத்தில் மறுபடி கையெழுத்து கேட்டீர்கள். அதற்குத் தயார் என்றுதான் நான் பதில் எழுதினேன். வேலையை விடும் எண்ணம் எனக்கு இல்லை, அப்படிச் சொல்லவும் இல்லை. என் மெயிலை ராஜினாமாவாகக் கருதியிருந்தால் அதை இப்போதே திரும்பப் பெறுகிறேன். தொடர்ந்து வேலைக்கு வருகிறேன். திருத்திய அக்ரிமெண்டில் கையெழுத்திடவும் தயார்.' இவ்வளவு போதும். கையெழுத்து என்ற இடத்தில் 'சைன் அகெய்ன்' என்று எழுதுங்கள். அந்த ஆறெழுத்துச் சொல்லை இந்தக் கடிதத்தில் ஒரே இடத்தில், ராஜினாமாவைத் திரும்பப் பெறும் வரியில் மட்டும், 'ரெசிக்னேஷன்' என்று முழுதாக எழுதுங்கள். அங்கே எந்தக் குழப்பமும் வராது. அதே மெயில் தொடரிலேயே பதிலாக அனுப்புங்கள், தனி மெயிலாக வேண்டாம். ஒரு பிரதியை அச்செடுத்து ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பிவிடுங்கள்.

வேலைக்குப் போவதை நிறுத்தாதீர்கள். மனசு கஷ்டம் என்று நான்கு நாள் லீவு போட்டால், அவராகவே வரவில்லை என்று சொல்ல இடம் கொடுக்கும். வருகைப் பதிவு தெரியும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கம்பெனி மெயில் முடக்கப்படலாம் என்பதால் இந்த விவகாரம் சம்பந்தப்பட்ட மெயில்களை மட்டும் அச்செடுத்து வையுங்கள். கணக்கு ஆவணங்களையோ மற்றவர்கள் விவரங்களையோ வெளியே எடுக்க வேண்டாம், அது வேறு வம்பில் கொண்டுவிடும்.

ஒரு வாரத்தில் சரியான பதில் வராவிட்டால் பன்னர்கட்டா சாலையில் இருக்கும் தொழிலாளர் துறை அலுவலகமான கார்மிக பவனுக்குப் போய் மனுக் கொடுக்கலாம். முதலில் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். வக்கீல் ஃபீஸுக்கு எங்கே போவது என்று கேட்டிருந்தீர்கள். 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்கள் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. 15100 என்ற எண்ணைக் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். சித்தையா சாலையில் நியாய தேகுல கட்டடத்தில் மாநில ஆணையத்தின் அலுவலகம் இருக்கிறது, நேரிலும் போகலாம். தமிழில் எழுதிய குறிப்பைக் கொண்டுபோவதில் தயக்கம் வேண்டாம். கன்னடம் பேச வரும் என்று எழுதியிருக்கிறீர்கள், அது போதும்.

கடிதத்தின் முடிவில், 'கவுன்சில் அவர்களுக்கு' என்று எழுதி அடித்து, 'கவுன்சல்' என்று எழுதி, அதையும் அடித்துவிட்டு 'வக்கீல் மேடம்' என்று மாற்றியிருந்தீர்கள். இரண்டாவதாக எழுதியதுதான் சரி. கவுன்சில் என்பது கூடிப் பேசுகிற அவை, கூப்பிடு என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. கவுன்சல் என்பது ஆலோசனை, ஆலோசனை சொல்லும் வக்கீலையும் அப்படியே சொல்வார்கள். நான் பதிவு செய்திருப்பது பார் கவுன்சிலில், உங்களுக்கு இப்போது தருவது கவுன்சல். நீங்களே சரியாக எழுதிவிட்டு, சந்தேகப்பட்டு அடித்திருக்கிறீர்கள்.

மார்ச் மாத மெயிலை அச்செடுக்கும்போது தேதி, நேரம், இணைப்பின் பெயர் மூன்றும் தெரிகிற மாதிரி எடுங்கள்.